முன் இலக்கத் தகட்டுத் தாங்கியை வீட்டிலேயே பொருத்துதல்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

காரின் உரிமையாளர் உவர்மலையில் வசிக்கும் ஓர் ஆசிரியர். மூதூர்ப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் கற்பிக்கிறார். சீனன்குடா தாண்டி, கிண்ணியாப் பாலம் வழியாக நாள்தோறும் போய் வருகிறார். 2009இல் பாலம் திறக்கப்படும்வரை அந்த இடத்தைப் படகுப் பாதையில்தான் கடக்க வேண்டியிருந்தது. இன்று 396 மீற்றர் நீளப் பாலத்தில் நிமிடத்துக்குள் கடந்துவிடலாம். காற்றுக் காலத்தில் மட்டும் கடல் பக்கமிருந்து அடிக்கும் காற்று காரை முகத்தில் அறையும்.

கார், ஜப்பானில் ஓடி இங்கு இறக்குமதியான ஐந்து கதவுச் சிறிய ஹைபிரிட். பதிவு முடிந்து இலக்கத் தகடுகள் கைக்கு வந்ததும் வழியில் இருந்த ஒரு கடையில் அவற்றைப் பூட்டுவித்திருந்தார். அந்த வேலை பத்து நிமிடத்தில் முடிந்ததாக அவர் பெருமையுடன் சொன்னார். முன் தகட்டுக்குத் தாங்கி எதுவும் இல்லை. பம்பரின் மேல் நேரடியாக இரண்டு திருகாணிகளும், பின்னால் இருபக்க ஒட்டுநாடாவும் மட்டுமே இருந்தன. இரண்டு மாரிகளுக்குப் பிறகு, திருகாணித் தலைகளிலிருந்து வெள்ளைத் தகட்டின் மேல் செம்பழுப்புக் கோடுகள் வழியத் தொடங்கின. கடலுக்கு இவ்வளவு அருகில் உள்ள ஊரில் அது எல்லா வாகனங்களிலும் காணும் காட்சி என்பதால் அவர் அதைப் பொருட்படுத்தவில்லை.

இனி வருவது அவரும் அவருடைய தங்கையின் மகனும் சேர்ந்து செய்த வேலையின் பதிவு. மருமகனுக்கு மோட்டார் தொழிலில் ஓரளவு பயிற்சி உண்டு. வேலையின் சில கட்டங்களில் நானும் உடனிருந்தேன். மற்றவை அவர்கள் சொல்லக் கேட்டவை.

நடந்தது

ஒரு காலை பாடசாலைக்குப் போகும்போது முன்புறத்திலிருந்து படபடவென்று சத்தம் வந்தது. இறங்கிப் பார்த்தபோது தகட்டின் இடப்பக்கம் பம்பரை விட்டு விலகி, வலப்பக்கத் திருகாணி ஒன்றில் மட்டும் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றத் திருகாணி எங்கோ விழுந்துவிட்டது. அது இருந்த துளையிலிருந்து பம்பரில் ஒரு விரற்கடை நீளத்துக்கு வெடிப்பு ஓடியிருந்தது.

அவர் தகட்டைக் கழற்றி, முன்கண்ணாடிக்குப் பின்னால் சாய்த்து வைத்துக்கொண்டு பயணத்தைத் தொடர்ந்தார். மாலையில் திரும்பும்போது போக்குவரத்துப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் மறித்தார். காரணத்தைக் கேட்டறிந்து தண்டப் பத்திரம் எழுதாமல் விட்டார். ஆனால் தகடு இருக்க வேண்டிய இடத்தில் இல்லாமல் மறுபடி கண்டால் எழுதுவேன் என்றும் சொன்னார். இது நியாயமான எச்சரிக்கைதான். கண்ணாடிக்குப் பின்னால் சாய்ந்து கிடக்கும் தகடு வெயில் தெறிப்பில் வாசிக்க முடியாதது.

தகடு பாலத்திலோ வழியிலோ விழுந்து தொலைந்திருந்தால் விடயம் வேறாகியிருக்கும். பொலிஸில் முறைப்பாடு பதிந்து, மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்துக்கு விண்ணப்பித்து, மாற்றுத் தகடு வரும்வரை காத்திருக்க வேண்டும். கொழும்பு இங்கிருந்து 250 கிலோமீற்றருக்கு மேல். நூறு ரூபாவுக்கும் பெறாத திருகாணி ஒன்றினால் வரக்கூடிய அலைச்சல் எவ்வளவு என்பது அன்றுதான் ஆசிரியருக்கு உறைத்தது.

கழற்றியபோது கண்டவை

தகட்டுக்குப் பின்னால் எஞ்சியிருந்த ஒட்டுநாடாவைச் சுரண்டி எடுத்தால் வர்ணமும் சேர்ந்து வரும். மருமகன் தலைமுடி உலர்த்தும் கருவியால் அதைச் சூடாக்கி, தடித்த தூண்டில் நூலை இரு கையாலும் பிடித்து அறுப்பதுபோல் இழுத்து எடுத்தான். மிச்சப் பசையைத் துடைக்க ஆசிரியர் பெற்றோல் எடுத்து வந்தார். “அது வர்ணத்தை மங்கவைக்கும், மாமா” என்று மருமகன் தடுத்து, மருந்துக் கடையில் வாங்கும் ஸ்பிரிட்டைப் பயன்படுத்தினான்.

பசை போனதும் எவரும் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. நாடா மூடியிருந்த இடத்தில், நிறுவனமே வைத்த இரண்டு துளைகள் அழுக்கடைத்துக் கிடந்தன. அளந்து பார்த்ததில் இடைவெளி சரியாக 210 மி.மீ. ஜப்பானியச் சாதாரண இலக்கத் தகடு 330 மி.மீ. நீளமும் 165 மி.மீ. உயரமும் கொண்டது. அதன் மேல் விளிம்பில் உள்ள இரு துளைகளுக்கும் இடையே 210 மி.மீ. இருக்கும். அவற்றில் 6 மி.மீ. விட்டமுள்ள எம்6 போல்ட் ஏறும். நமது முன் தகடு அதைவிட நீளம், உயரம் குறைவு, துளைகளும் வேறிடத்தில். அதனால் கடையில் பழைய துளைகளை விட்டுவிட்டு, தகட்டின் துளை விழுந்த இடத்தில் பம்பரைப் புதிதாகத் துளைத்திருக்கிறார்கள். இந்த ஊரில் மறுபாவனைக் கார்களின் முன்புறத்தைச் சற்று உற்றுப் பார்த்தால் இதே வேலையைப் பலவற்றில் காணலாம்.

அடுத்து, காரின் மின்தொடர்பை முழுவதும் அணைத்துச் சாவியை வீட்டுக்குள் வைத்துவிட்டு, பொனெட்டைத் திறந்து, கிரில்லுக்கு மேலிருந்த பிளாஸ்டிக் மூடியின் கிளிப்புகளைக் கழற்றினார்கள். சாவி அருகில் இருந்தால் ஹைபிரிட் கார் உயிர்ப்பு நிலையில் இருப்பதை ஒருவர் கவனிக்காமல் போகலாம். குளிர்விக்கும் விசிறி திடீரென்று சுழன்றால் விரல் போகும். மூடி கழன்ற இடைவெளியில் தொலைபேசியின் விளக்கை எரியவிட்டுப் பின்பக்கத்தைப் படம் பிடித்தார்கள்.

படத்தில் கண்டது அதிர்ச்சி தந்தது. எஞ்சியிருந்த வலப்பக்கத் திருகாணி கூரைத் தகரத்துக்குப் பூட்டும் வகை, கூரிய முனையுடையது. பம்பரின் பிளாஸ்டிக் 3 மி.மீ. தடிப்புக்கூட இல்லை. திருகாணியின் மீதி நீளம் முழுவதும் உட்புறத்தில் நீட்டிக்கொண்டிருந்தது. அதன் முனைக்கு நேர் எதிரே குளிரூட்டியின் கொண்டென்சர், அதாவது குளிரூட்டி வாயுவின் வெப்பத்தை வெளியேற்றும் பாகம். அந்த இடத்தில் குறுக்குச் சட்டமோ நுரையோ இல்லை. திறந்த கீழ்க் கிரில்லின் விளிம்பு அது. யாராவது தரிப்பிடத்தில் காரின் முன்புறத்தை மெல்ல இடித்தாலே பம்பர் உள்வாங்கி, முனை கொண்டென்சரின் மெல்லிய அலுமினியக் குழாயைக் குத்தியிருக்கும். குளிரூட்டி வாயு வெளியேறிய பிறகு, வாயுவை மட்டும் நிரப்பித் தப்ப முடியாது. கொண்டென்சரையே மாற்ற வேண்டும். இத்தகைய ஹைபிரிட் கார்களில் இன்வேட்டரை (மின்கலத்தின் மின்சாரத்தை மோட்டாருக்கு ஏற்றதாக மாற்றும் கருவி) குளிர்விக்கும் ரேடியேட்டரும் அதே பகுதியில்தான் இருக்கிறது.

வெடிப்பு ஏன் வந்தது என்பதற்கும் அங்கேயே விடை கிடைத்தது. பம்பர் பொலிபுரொப்பிலீன் கலந்த பிளாஸ்டிக். வெப்பத்தில் அது அலுமினியத்தைவிட மூன்று நான்கு மடங்கு விரியும். அதிகாலையில் 25 பாகை செல்சியசில் இருக்கும் கரு நிறப் பம்பர், பாடசாலை முற்றத்து நண்பகல் வெயிலில் 60 பாகையைத் தொடக்கூடும். ஏறத்தாழ 400 மி.மீ. இடைவெளியில் இரண்டு திருகாணிகளால் இறுக்கிய தகட்டுக்கும் பம்பருக்கும் இடையே அப்போது 1 மி.மீ. அளவு வேறுபாடு உண்டாகும். சிறிய எண்தான். ஆனால் நாள்தோறும் இழுத்து விட்டால், அந்த இழுவை முழுவதும் திருகாணி குத்திய துளையின் ஓரத்தில்தான் விழும். கூரிய புரி பிளாஸ்டிக்கை ஏற்கனவே கீறி வைத்திருக்கிறது. பாலத்துக் காற்று கடைசித் தள்ளலை மட்டும் கொடுத்தது என்பது என் கணிப்பு.

தெரிவுகளும் காரணங்களும்

ஆசிரியரின் முதல் விருப்பம் வெடித்த துளைக்கு அருகே இன்னொரு துளை போட்டு, இன்னும் தடித்த திருகாணி ஏற்றுவது. அன்று மாலையே முடிந்துவிடும் வேலை. மருமகன் மறுத்தான். பிரச்சினை திருகாணியின் பருமனில் இல்லை, பிளாஸ்டிக்கில் புள்ளியாக விழும் பாரத்தில்தான் இருக்கிறது. தடித்த திருகாணி இன்னும் பெரிய வெடிப்பைத்தான் தரும்.

உதிரிப்பாகக் கடையில் கிடைக்கும் பொதுவான பிளாஸ்டிக் தாங்கி ஒன்றைப் பம்பரைச் சுத்தம் செய்வதற்கு முன்பே வாங்கி வந்திருந்தார்கள். அதை இப்போது வைத்துப் பார்த்தார்கள். அதன் பின்பக்கம் தட்டையானது, விறைப்பானது. பம்பரோ நடுவில் முன்தள்ளி இருபக்கமும் பின்வாங்கும் வளைவு. நடுவில் மட்டும் தொட்டு, இரு முனைகளும் காற்றில் நின்றன. இறுக்கினால் ஒன்று தாங்கி உடையும், அல்லது பம்பர் நெளியும். அதைவிட முக்கியமாக, அதைப் பூட்டவும் பம்பரைப் புதிதாகத் துளைக்க வேண்டியிருந்தது. திருப்பிக் கொடுத்தார்கள். கடைக்காரர் பணமாகத் தர மறுத்து, அதே பெறுமதிக்கு வேறு பொருள் எடுக்கச் சொன்னதால் ஆசிரியரிடம் இன்று தேவைக்கு மிஞ்சிய வைப்பர் இறப்பர்கள் இருக்கின்றன.

எடுத்த முடிவு இது: பம்பரில் புதிதாக ஒரு துளையும் போடுவதில்லை. நிறுவனம் வைத்த 210 மி.மீ. இடைவெளித் துளைகளில் ஓர் அலுமினியப் பட்டியைப் பூட்டி, தகட்டை அந்தப் பட்டியில் பூட்டுவது. பட்டி 25 மி.மீ. அகலம், 3 மி.மீ. தடிப்பு. நீளம் தகட்டைவிட இருபுறமும் சற்றுக் குறைவு. பட்டியின் முனை தகட்டுக்கு வெளியே நீட்டினால் யாருடைய காலையாவது கிழிக்கும். தகட்டில் புதுத் துளை போடுவதில்லை என்பதும் அப்போதே முடிவாயிற்று. அது அரசு வழங்கியது. எழுத்தையோ சின்னத்தையோ துளைத்தாலும் விளிம்பை வெட்டினாலும் பதில் சொல்ல வேண்டியவர் உரிமையாளர்தான்.

போல்ட்டுகள் எதில் என்பது அடுத்த கேள்வி. நாகம் பூசிய சாதாரண இரும்பு இந்தக் காற்றில் ஓர் ஆண்டில் சிவக்கும். மீன்பிடிப் படகுகளுக்குப் பொருள் விற்கும் கடையில், தலையில் ஏ4 என்று பொறித்த துருப்பிடிக்காத உருக்குப் போல்ட்டுகள் கிடைத்தன. ஏ2 என்று பொறித்ததைவிட அது உப்புக்குக் கூடுதலாகத் தாக்குப்பிடிக்கும். ஆனால் துருப்பிடிக்காத உருக்கும் அலுமினியமும் உப்பு ஈரத்தில் நேரடியாகத் தொட்டால், அரிபடுவது அலுமினியம். எனவே தொடும் இடமெல்லாம் நைலோன் வாஷர் வைப்பதென்று முடிவு செய்தார்கள். கராஜ்களில் பலரும் கவனிக்காமல் விடும் சிறு விடயம் இது.

செய்த வேலை

முதலில் பம்பரின் காயம். வெடிப்பின் கடைசி நுனியைக் கண்டுபிடித்து அங்கே 3 மி.மீ. வட்டத் துளை ஒன்று போட்டான் மருமகன். புதுத் துளை இல்லை என்ற முடிவுக்கு இது ஒன்றே விலக்கு, அதுவும் பாரம் தாங்காத துளை. கூரிய நுனி வட்டமானதும் வெடிப்பு மேலே ஓடாது. கடை போட்ட இரு துளைகளையும் இறப்பர் அடைப்பான்களால் மூடினார்கள். தகடு அவற்றை மறைத்துவிடும் என்பதால் அழகைப் பற்றிக் கவலைப்படவில்லை.

நிறுவனத் துளைகளில் இடப்பக்கத்தின் உள் நட் நன்றாக இருந்தது. வலப்பக்கத்து நட், அதைத் தாங்கும் பிளாஸ்டிக் அடைப்போடு சேர்ந்து சுழன்றது. அதை எடுத்துவிட்டு, கிரில்லின் இடைவெளியால் கையை நுழைத்து, பின்னால் அகலமான வாஷரும் நைலோன் பூட்டு நட்டும் வைத்துப் போல்ட்டை முழுவதாக ஊடுருவ விட்டார்கள். போல்ட்டின் நீளத்தை அளந்தே வாங்கியிருந்தார்கள். நட்டுக்கு வெளியே இரண்டு புரிக்கு மேல் நீட்டவில்லை. புரியில் பூசி நட்டைக் கழலாமல் பிடிக்கவைக்கும் பூட்டுத் திரவம் பயன்படுத்துவதா என்று பேச்சு வந்தது. அது சில பிளாஸ்டிக்குகளை வெடிக்கவைக்கும் என்பதால் தவிர்த்தார்கள்.

பட்டியில் ஒரு துளை வட்டமாகவும் மற்றது கிடையாக நீண்டதாகவும் போடப்பட்டது. 210 மி.மீ. இடைவெளியில் வெயில் தரும் வேறுபாடு அரை மி.மீ. அளவுதான். நீண்ட துளை அதை விழுங்கிவிடும். தகட்டையும் பட்டியையும் இணைக்கும் துளைகளுக்கு இந்த ஏற்பாடு தேவையில்லை, இரண்டும் அலுமினியம்.

உருக்கு அளவுகோலைப் பம்பரின் குறுக்கே வைத்துப் பார்த்தபோது நடுப்பகுதி தொட, போல்ட் வரும் இடங்களில் 4 மி.மீ. இடைவெளி இருந்தது. அதை நிரப்பாமல் இறுக்கினால் பட்டி வில்லாக வளையும். மருமகன் பழைய ரயர் ரியூப்பிலிருந்து இறப்பர் வட்டங்கள் வெட்டி, அடுக்கி, 4 மி.மீ. ஆக்கினான். அதிர்வையும் வாங்கிக்கொள்ளும் என்பது அவன் எண்ணம். தகட்டின் கீழ் விளிம்பு காற்றில் துடிக்காமல் இருக்க, பின்னால் இரண்டு நுரை இறப்பர்த் துண்டுகள் ஒட்டப்பட்டன.

உயரமும் மாறியது. கடை பூட்டிய இடத்தில் தகட்டின் கீழ்ப்பகுதி கிரில்லின் வாயை மறைத்திருந்தது. நிறுவனத் துளைகள் மேலே இருந்ததால் இப்போது காற்றுவழி திறந்துவிட்டது. குளிரூட்டி அதனால் மேம்பட்டதா என்று கேட்டேன். நெரிசலில் நிற்கும்போது முன்பைவிடக் குளிர்கிறது என்றார் ஆசிரியர். அளந்து பார்த்த முடிவல்ல என்பதால் அதை அப்படியே எழுதி விடுகிறேன்.

கடைசியாக மருமகன் செய்த ஒரு காரியம்தான் பின்னர் மிகவும் கைகொடுத்தது. இறுக்கி முடித்ததும் ஒவ்வொரு போல்ட் தலையிலிருந்தும் பட்டிவரை நகப்பூச்சால் ஒரு நேர்கோடு இழுத்தான். போல்ட் சுழன்றால் கோடு விலகிக் காட்டிக்கொடுக்கும். “என்னுடைய நகப்பூச்சைக் காருக்குப் பூசுகிறார்களே” என்று ஆசிரியரின் மனைவி முணுமுணுத்தார்.

பின்னர் நடந்தது

சில வாரங்கள் எந்தக் குறையும் இல்லை. பிறகு மூதூர் வீதியின் குலுங்கலில் மறுபடி மெல்லிய சத்தம் கேட்கத் தொடங்கியது. தகட்டைக் கையால் ஆட்டினால் பட்டியோடு சேர்ந்து ஆடியது. போல்ட் கழன்றுவிட்டது என்று ஆசிரியர் ஸ்பானரை எடுத்தார். மருமகன் முதலில் கோட்டைப் பார்க்கச் சொன்னான். பட்டியைப் பிடித்த இரண்டு போல்ட்டிலும் கோடு இழுத்தபடியே நேராக இருந்தது. உள்ளே கண்ணாடி வைத்துப் பார்த்ததில் நட்டும் சுழன்றிருக்கவில்லை.

அப்படியானால் தளர்ந்தது வேறொன்று. கழற்றி அளந்தபோது 4 மி.மீ. இறப்பர் அடுக்கு 3 மி.மீ. அளவுக்கு நசுங்கித் தட்டையாகியிருந்தது. தொடர்ந்து அழுத்தப்பட்ட இறப்பர், அதிலும் வெயிலில், மெல்ல மெல்ல வடிவம் இழக்கும். இழந்ததைத் திரும்பப் பெறாது. அதிர்வைத் தாங்க இறப்பர் நல்லது. போல்ட்டின் இறுக்கத்தைத் தாங்க அது ஆகாது. கோடு இல்லாமல் இருந்திருந்தால் ஆசிரியர் இறுக்கியிருப்பார், இறப்பர் இன்னும் நசுங்கியிருக்கும், இறுதியில் அந்த இறுக்கமெல்லாம் பம்பரின் துளை ஓரத்தில்தான் போய் நின்றிருக்கும்.

திருத்தம் எளிது. எம்6 போல்ட்டுக்குரிய உருக்கு வாஷர் 1.6 மி.மீ. தடிப்பு. அவற்றில் இரண்டும் 1 மி.மீ. நைலோன் வாஷர் ஒன்றும் சேர்ந்தால் 4.2 மி.மீ. அந்தக் கடினமான அடுக்கைப் போல்ட்டைச் சுற்றி வைத்து, அதற்கு வெளியே வளையமாக நுரை இறப்பர் ஒன்றை வைத்தார்கள். இறுக்கம் உலோகத்தில், அதிர்வு இறப்பரில் என்று வேலை பிரிந்தது. ஸ்பானரை நுனியில் இரு விரலால் பிடித்து இறுக்கி, பட்டி அசையாத இடத்தில் நிறுத்தினான் மருமகன். கோடுகள் புதிதாக இழுக்கப்பட்டன. இம்முறை ஆசிரியரின் மனைவியே பூச்சை எடுத்துக் கொடுத்ததாகக் கேள்வி.

அடுத்த வடகீழ்ப் பருவமழை முடிந்த பிறகு நான் அந்தக் காரைப் பார்த்தேன். கோடுகள் விலகவில்லை, தகட்டில் துருக்கோடு இல்லை, வெடிப்பு 3 மி.மீ. துளையைத் தாண்டவில்லை. பட்டியின் வெட்டிய முனைகளில் மட்டும் அலுமினியம் வெண்மையாகப் பூத்திருந்தது. உப்புக் காற்றில் அது இயல்பு, இப்போதைக்கு வலுவைப் பாதிக்கும் அளவில் இல்லை.

மாற்றிச் செய்யக்கூடியவை

இதே வேலையை மறுபடி செய்தால் பட்டியின் வெட்டு முனைகளுக்கும் துளை ஓரங்களுக்கும் பூட்டும் முன்பே வர்ணம் பூச வேண்டும் என்கிறான் மருமகன். என் கருத்தில் அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று உண்டு. அவர்கள் ஒட்டுநாடாவை எடுத்துச் சுத்தம் செய்வதற்கு முன்பே கடைக்குப் போய்த் தாங்கி வாங்கினார்கள். துளைகள் எங்கே இருக்கின்றன, அவற்றின் இடைவெளி என்ன, பின்னால் என்ன இருக்கிறது என்ற மூன்றையும் அறிந்த பிறகு கடைக்குப் போயிருந்தால் அந்த வைப்பர் இறப்பர்கள் வீட்டுக்கு வந்திருக்காது.

முன்புறத்தில் ரேடார் உணரியோ தரிப்பிட உணரியோ உள்ள கார்களுக்கு இந்த ஏற்பாட்டை அப்படியே பின்பற்றக் கூடாது. அலுமினியப் பட்டி ரேடாரின் பார்வையை மறைக்கும். இந்தக் காரில் அத்தகைய உணரி பம்பர்ப் பகுதியில் இல்லை என்று முதலில் உறுதி செய்துகொண்டே வேலை தொடங்கியது. பம்பரைக் கழற்றாமல் பின்பக்கத்தைப் பார்க்க வழியில்லாத கார்களிலும் இது வீட்டு வேலையல்ல, கராஜ் வேலை.

பின் தகடு இன்னும் கடை பூட்டிய அதே கூரைத் திருகாணிகளில்தான் இருக்கிறது. அங்கே அடிப்பகுதி பிளாஸ்டிக் அல்ல, பின்கதவின் உருக்குத் தகடு. வெடிப்புக்குப் பயமில்லை. ஆனால் திருகாணி வர்ணத்தைக் கிழித்த இடத்தில் கதவே துருப்பிடிக்கும். அதற்கு வேண்டியது துளையின் ஓரத்தைச் சுத்தம் செய்து, துருத் தடுப்பு வர்ணம் பூசி, நைலோன் அடைப்பு வைத்துப் பூட்டும் வேறொரு வேலை. அடுத்த மாரிக்கு முன்பு அதை எடுப்பதாக இருவரும் சொல்லியிருக்கிறார்கள்.